சலவைக்குப் போன சிவப்புத் துணி

அந்த மாதம் குளிர் குறையக் கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டவர் ஊரிலேயே ஒரே ஒருவராகத்தான் இருந்திருப்பார். அவர் வெந்நீர்க் குழாய்ப் பிரிவின் ஃபிட்டர். அந்தக் குளிரில் இருமி இருமி முகம் சிவந்துகொண்டிருந்ததோ அவருடைய சொந்தப் பேத்தி. இரண்டையும் ஒரே நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தார், சாப்பிட்டார், கேட்டவர்களுக்குப் பதில் சொன்னார். அது எப்படி முடிந்தது என்று பின்னாளில் அவரைக் கேட்டபோது, அவருக்கே தெரியவில்லை.

ஆலையில் அவருக்குத் ‘துணி’ ஃபிட்டர் என்று பெயர். அதற்கு ஒரு காரணம் உண்டு. இளவயதில் அவர் ஒரு நூற்பாலையில் கொதிகலன் பக்கம் வேலை பார்த்தார். மூடியாயிற்று என்று ஒருவன் சொன்னதை நம்பி ஒரு குழாயைக் கழற்றினார். வால்வு மூடியிருக்கவில்லை. இடது கையில் முழங்கை முதல் மணிக்கட்டு வரை தோல் உரிந்து போயிற்று. காயம் ஆறியது; வாய்வார்த்தை மேலிருந்த நம்பிக்கை மட்டும் அதோடு போய்விட்டது. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். எந்த வால்வையாவது வழக்கமான நிலைக்கு மாறாக விட்டுவிட்டு வரவேண்டியிருந்தால் அதன் சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார். சரி செய்த பிறகுதான் அதை அவிழ்ப்பார். துணி இருந்தால் வேலை பாக்கி. துணி இல்லையென்றால் வேலை முடிந்தது. நூற்பாலையை மூடிய பிறகு பூமிச்சூட்டு ஆலையில் சேர்ந்தபோது இந்த வழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார். முதலில் சிரித்தார்கள். பிறகு குழாய்ப் பிரிவு முழுவதும் அதையே பின்பற்ற ஆரம்பித்தது. துணி என்னவோ அவர் மனைவியின் பழைய சிவப்புப் போர்வையிலிருந்து கிழித்ததுதான். ஒரு போர்வை பல வருஷம் வந்தது.

வீட்டிலும் அவர் அப்படித்தான். தெருமுனை வரை போய்விட்டுக் கதவைப் பூட்டினோமா என்று திரும்பி வருவார். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். சில நாள் மறுபடியும் வருவார்.

“கதவுலயும் ஒரு துணி கட்டிடுங்களேன், ஊரே உங்களுக்காகப் பாத்துச் சொல்லும்” என்பாள் மனைவி.

“சொல்லுவே. பூட்டாமப் போனா நீதான் முதல்ல கத்துவே.”

அவர் வேலை பார்த்த ஆலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ஊருக்கு வெளியே, பூமிக்கடியில் வெகு ஆழத்திலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் மேலே வருகிறது. அதன் முதல் சூட்டில் டர்பைன் சுழன்று மின்சாரம் பிறக்கிறது. மிச்சமிருக்கும் சூட்டை ஊர்க் குழாயில் ஓடும் தண்ணீர் வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் அறைகளைச் சூடாக்கிவிட்டு, ஆறிப்போய்த் திரும்பி வருகிறது. பூமியின் தண்ணீர் இன்னொரு கிணற்றின் வழியாகப் பூமிக்கே போய்விடுகிறது. மின்சாரமும் கணகணப்பும் ஒரே தண்ணீரிலிருந்து.

புதிதாக வந்த என்ஜினியர் அம்மாவுக்கு இதில் ஒரு குறை தென்பட்டது. திரும்பக் கீழே போகும் தண்ணீரில் இன்னும் எவ்வளவோ சூடு இருக்கிறதே, அதை ஏன் சும்மா புதைக்கவேண்டும் என்று கேட்டார். தலைமை அலுவலகத்தோடு மல்லுக்கு நின்று, கடைசியில் இன்னொரு வெப்பமாற்றியை வாங்கிப் பொருத்தினார். புதுக் கிணறு வேண்டாம், மின்சாரத்தில் ஒரு துளியும் குறையாது, மேட்டுத் தெரு முழுவதற்கும் வேண்டிய சூடு இதிலேயே கிடைத்துவிடும் என்பது அவர் கணக்கு. ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. ஊரிலிருந்து திரும்பும் தண்ணீர் நாற்பத்தைந்து டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது.

ஏன் என்று குழாய்ப் பிரிவின் வெல்டர் கேட்டபோது என்ஜினியர் அம்மா சொன்ன விளக்கம் எல்லோருக்கும் புரிந்தது.

“பசியோட வந்தாத்தானே சாப்பிடுவாங்க? ஊர்த்தண்ணி ஆறிப்போய், பசியோட வரணும். வயிறு நிறைஞ்சு வந்துச்சுன்னா நான் எத்தனை தட்டு வச்சாலும் தொடாது.”

சோதனைக்குப் பத்து நாள் ஒதுக்கினார்கள். குளிர் உச்சத்தில் இருக்கும் பத்து நாளாக இருக்கவேண்டும். வெயில் நாளில் எந்த ஆலையும் தேறிவிடும் அல்லவா? தேறினால் குளிர்காலம் முடிந்ததும் மேட்டுத் தெருவுக்குக் குழாய் தோண்டுவார்கள். தேறாவிட்டால் மேட்டுத் தெரு திட்டத்திலிருந்தே போய்விடும்.

மேட்டுத் தெருவில்தான் அவர் மகள் இருந்தாள்.

மருமகன் பஸ் டிரைவர். தங்கமான மனிதன். அவன் அம்மா பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தாள். இரண்டே அறை. நடுவில் ஒரு நிலக்கரி அடுப்பு. அந்த வருஷம் குளிர் தொடங்கும்போதுதான் பேத்தி பிறந்தாள். பிறந்த சில வாரத்திலேயே மூச்சு விடும்போது நெஞ்சில் விசில் சத்தம் கேட்டது. புகை ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுப்பை ஏற்றினால் புகை. அணைத்தால் சுவரில் ஈரம் பூத்துக் குழந்தையின் விரல் நீலம் பாய்ந்தது.

“நம்ம வீட்டுக்கு வந்துடும்மா. அங்கே குழாய் இருக்கு, கணகணன்னு இருக்கும்” என்று எத்தனையோ தடவை கூப்பிட்டார்.

“அத்தையை யாருப்பா திருப்பிப் படுக்க வைக்கிறது? அவரு விடியறதுக்குள்ள வண்டி எடுக்கப் போயிடறாரு. குழந்தையை மட்டும் அனுப்பலாம்னா பால் யாரு குடுப்பா?”

அடுத்த குளிர்காலத்துக்குள் மேட்டுத் தெருவுக்குக் குழாய் வந்தாகவேண்டும். அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சோதனையின் முதல் நாளிலேயே கணக்கு தப்பியது. கண்ட்ரோல் ரூம் சுவரில் திரும்பும் தண்ணீரின் சூட்டைக் காட்டும் மீட்டர் ஐம்பதைத் தாண்டி நின்றது. ஏதோ ஆரம்பக் கோளாறு என்றார்கள். இரண்டாம் நாள் ஐம்பத்திரண்டு. மூன்றாம் நாளும் அதே. வெளியே ஜன்னல் கண்ணாடியில் உறைபனி பூத்திருந்தது. இந்தக் குளிரில் தண்ணீர் இத்தனை சூட்டோடு திரும்புகிறது என்றால், எங்கோ அது எந்த வீட்டுக்குள்ளும் நுழையாமலே ஊரைச் சுற்றிவிட்டு வருகிறது என்று அர்த்தம்.

என்ஜினியர் அம்மா அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

“எங்கேயோ ஒரு குறுக்கு வால்வு திறந்திருக்குன்னு தோணுது, ஃபிட்டர்.”

சூடு போகும் குழாயும் ஆறிய தண்ணீர் வரும் குழாயும் தெருவுக்கடியில் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். ஒவ்வொரு கிளையின் கோடியிலும் இரண்டையும் இணைக்கும் குட்டைக் குழாய் ஒன்று உண்டு. அதில் இருப்பதுதான் குறுக்கு வால்வு. குளிர்காலத் தொடக்கத்தில் குழாயில் தண்ணீர் நிரப்பும்போது காற்றை வெளியேற்ற அதைத் திறப்பார்கள். காற்று போனதும் மூடிவிடவேண்டும்.

“இல்ல மேடம். இந்த சீசனுக்குத் திறந்தது எல்லாத்தையும் மூடியாச்சு. எங்கயும் துணி இல்ல.”

“துணி இல்லைங்கறது சரி. வால்வைப் பாத்தீங்களா?”

அவருக்குச் சுருக்கென்றது. “துணி இல்லைன்னா மூடியாச்சுன்னு அர்த்தம் மேடம். இத்தனை வருஷமா அதான் வழக்கம்.”

“நான் உங்களை நம்பலைன்னு இல்ல, ஃபிட்டர்” என்றார் அவர், மீட்டரைப் பார்த்தபடியே. “தண்ணிதான் நம்ம ரெண்டு பேரையும் நம்ப மாட்டேங்குது.”

அன்றிலிருந்து ஃபிட்டரும் வெல்டரும் ஊர் முழுக்க அலைந்தார்கள். வெல்டரை எல்லோரும் ‘கண்ணாடி’ என்று கூப்பிடுவார்கள். வேலை இல்லாத நேரத்திலும் அந்தக் கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டே திரிவான். தெருக்குழிகளின் இரும்பு மூடிகளைக் கடப்பாரையால் நெம்பித் திறந்து, குனிந்து, திரும்பும் குழாயைக் கையால் தொட்டுப் பார்த்தார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்கள். பள்ளிக்கூடப் பக்கம் ஆறியிருந்தது. ஆஸ்பத்திரிப் பக்கம் ஆறியிருந்தது. சலவைக்கடை இருக்கும் சந்தில் மட்டும் கொஞ்சம் சுட்டது.

“அண்ணே, சலவைக்கடைப் பக்கம் என்னிக்கு ஆறியிருக்கு? அத்தனை மெஷின் ஓடுது. போன வருஷமும் இப்படித்தான் இருந்திருக்கும்.”

“கோடி வால்வு அந்தக் கடை நிலவறையிலதானே இருக்கு? உள்ள போய்ப் பாத்துடலாமா?”

“கடை சாத்தியிருக்கு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிட்டாங்க போல. நான்தான் அன்னிக்கே போய்ப் பாத்தேனே அண்ணே. துணி இல்ல.”

துணி இல்லை என்ற சொல்லே அவருக்குப் போதுமானதாக இருந்தது. அடுத்த குழிக்கு நடந்தார்கள். அந்த இடத்தில்தான் அவர் சறுக்கினார். யார் சொன்னாலும் நம்பாத மனிதர், தான் உண்டாக்கிய துணியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்.

வீட்டுக்கு வந்தால் சோறு இறங்கவில்லை. ரேடியோவில் வானிலை சொல்லும்போது மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். ஒரு நாள் காலையில், வார இறுதிக்குள் குளிர் தணியலாம் என்று சொன்னார்கள்.

“அப்பாடா!” என்றாள் மனைவி, அடுப்படியிலிருந்து. “பிள்ளை தப்பிச்சுது.”

அவர் முகம் தொங்கிப்போனது. குளிர் தணிந்தால் சோதனைக்கு மதிப்பில்லை. சோதனை போனால் அடுத்த வருஷமும், அதற்கடுத்த வருஷமும் அந்த அடுப்புத்தான். இதை மனைவியிடம் எப்படிச் சொல்வது? இன்னும் கொஞ்ச நாள் குளிரட்டும் என்று ஒரு தாத்தா வாயால் சொல்ல முடியுமா?

“என்னங்க, ஏன் இப்படி முழிக்கறீங்க?”

“ஒண்ணுமில்ல. டீ சூடா இருக்கு.”

“டீ சூடா இல்லாம ஜில்லுன்னா குடுப்பாங்க?”

அன்று என்ஜினியர் அம்மா வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். “நாளைக்கு மறுநாள் தலைமை ஆபீஸ் ஆளுங்க வராங்க. இப்படியே இருந்தா, புது மெஷினுக்கு வேண்டிய அளவு ஊர்த்தண்ணி ஆறலைன்னு எழுதிக் குடுக்கறதைத் தவிர எனக்கு வேற வழியில்ல. மேட்டுத் தெருவை நானே என் கையால வெட்டற மாதிரி இருக்கு.”

அவருடைய மகள் அந்தத் தெருவில் இருப்பது என்ஜினியர் அம்மாவுக்குத் தெரியாது. தெரியவேண்டாம் என்றுதான் அவரும் சொல்லாமல் இருந்தார்.

மறுநாள் காலையில் மேட்டுத் தெருவுக்குப் போனார். அறைக்குள் புகை கண்ணைக் கரித்தது. மகள் குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தையின் விலா உள்ளே போய் வந்தது. கொடியில் சம்பந்தியம்மாவின் படுக்கை விரிப்புகள் ஈரமாகத் தொங்கின.

“நேத்திலருந்து காயவே இல்லப்பா. மாத்திப் போட வேற விரிப்பு இல்ல. அத்தை ஈரத்துலயே படுத்திருக்காங்க.”

படுக்கையிலிருந்து சம்பந்தியம்மா கோணிய வாயோடு ஏதோ சொன்னாள். மகள் விளக்கினாள்: “சம்பந்தி வந்திருக்காரு, இந்தக் கோலத்துல படுத்திருக்கேனேன்னு வெக்கப்படறாங்க.”

“நான் என்ன பெண் பாக்கவா வந்திருக்கேன்? குடும்மா அந்த விரிப்பையெல்லாம். சலவைக்கடையில போட்டுக் காயவச்சு வாங்கிட்டு வரேன்.”

ஈர விரிப்புகளை மூட்டையாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கினார். மூட்டையிலிருந்து ஈரம் சட்டைக்குள் இறங்கியது. அதோடு குழந்தையின் விலாவும் கண்ணுக்குள்ளேயே நின்றது.

சலவைக்கடைக்கார அம்மா பருத்த உடம்பு, கலகலப்பான வாய். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மூட்டையை வாங்கிப் பிரித்தாள்.

“ஐயோ, இதுக்கு ஏன் மெஷின்? கீழே நிலவறையில கொடி கட்டியிருக்கேன். போட்டா ஒரு மணி நேரத்துல முறுமுறுன்னு ஆயிடும். இந்த வருஷம் அங்க அப்படி ஒரு சூடு! எல்லாம் உங்க ஆபீஸ் புண்ணியம்.”

அவர் அப்படியே நின்றார். “இந்த வருஷம்னா? போன வருஷம் அப்படி இல்லையா?”

“போன வருஷம் எலி கூட அங்க தங்காது, விறைச்சுடும். அட, உங்களைப் பாத்ததும் ஞாபகம் வருது. உங்க பொருள் ஒண்ணு என்கிட்ட இருக்கு. அடிக்கடி எடுத்து வைப்பேன், அடிக்கடி மறந்துடுவேன்.”

மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்து அவர் கையில் வைத்தாள். வெளுத்துச் சுத்தமாக, கஞ்சி போட்டு, நான்காக மடித்து, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்ட ஒரு சிவப்புத் துணி.

“கீழே அந்தச் சக்கரத்துல கட்டியிருந்துச்சு. எண்ணெயும் அழுக்குமா, பாக்கச் சகிக்கல. எல்லாத்தையும் துவைக்கறோம், இதை மட்டும் விடுவானேன்னு அவுத்துப் போட்டேன். கறை போக மூணு தண்ணி வாங்கிச்சு, போங்க.”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. குளிர் தொடங்கிய அந்த நாள் அவர் கண்முன் வந்தது. அந்த நிலவறையில் குறுக்கு வால்வைத் திறந்துவிட்டுத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் மகளுக்கு வலி எடுத்துவிட்டது என்று போன் வந்தது. காற்று போனதும் மூடிவிடு என்று கண்ணாடியிடம் போனில் சொல்லிவிட்டு ஓடினார். அவன் மறுநாள் காலை வந்திருக்கிறான். துணி இல்லை. அண்ணனே திரும்பி வந்து மூடிவிட்டார் என்று போய்விட்டான். கோடி வால்வு என்ன ஆயிற்று என்று பிறகு கேட்டபோது, ‘அதெல்லாம் ஆச்சு அண்ணே’ என்றும் சொன்னான். ஒருவரும் பொய் சொல்லவில்லை.

நிலவறைப் படிகளில் இறங்கினார். வெக்கை முகத்தில் அடித்தது. கொடிகளில் வெள்ளைத் துணிகள் அசையாமல் தொங்கின. அவற்றை விலக்கிக்கொண்டு மூலைக்குப் போனார். சக்கரம் முழுவதும் திறந்திருந்தது. குட்டைக் குழாயைத் தொட்டார், கை சுட்டது. பிறந்ததிலிருந்து பேத்தி பட்ட பாடு அத்தனைக்கும் தானே காரணம் என்பது போல அவருக்குத் தோன்றியது. அப்படி இல்லை என்பது அவருக்கே தெரியும். ஆனாலும் தோன்றியது.

கை தானாகச் சக்கரத்துக்குப் போயிற்று. அப்படியே நின்றது. சோதனை நடக்கும்போது கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லாமல் ஒரு வால்வையும் தொடக் கூடாது. திடீரென்று மூடினால் அழுத்தம் ஏறிப் பம்பு நின்றுவிடும். ஊரே குளிரில் கிடக்கும். சத்தம் போடாமல் மெதுவாக மூடிவிட்டால்? யாருக்குத் தெரியும்? மீட்டர் தானாக இறங்கும். ஆனால் ஏன் இறங்கியது என்று தெரியாத எண்ணை யார் ஒப்புக்கொள்வார்கள்? போன நாட்களைக் கழித்துவிட்டுப் புதிதாக எண்ணுங்கள் என்று எப்படிக் கேட்பது?

மேலே வந்து கடைப் போனை எடுத்தார். கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டார்.

“மேடம், நான் ஃபிட்டர் பேசறேன். சலவைக்கடை நிலவறையில குறுக்கு வால்வு திறந்திருக்கு.”

“எப்பலேருந்து?”

“சீசன் ஆரம்பத்துலேருந்து. நான்தான் திறந்தேன். துணி கட்டினேன் மேடம். அதை... அதை இந்தம்மா துவைச்சுட்டாங்க.”

“என்ன பண்ணிட்டாங்க?”

“துவைச்சு, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு வச்சிருக்காங்க.”

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் போனில் கேட்டது. பிறகு குரல் இறுகியது. “சரி. உங்க கூட யாராவது போனைப் பிடிச்சுக்கட்டும். நான் சொல்லச் சொல்லக் கால் சுற்றுக் கால் சுற்றா மூடுங்க. அவசரப்படாதீங்க.”

சலவைக்கடைக்கார அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டு படிக்கட்டின் தலைப்பில் நின்றாள். என்ஜினியர் அம்மா சொல்வதை அவள் கீழ்நோக்கிக் கத்தினாள். ஃபிட்டர் சொல்வதைப் போனில் திருப்பிச் சொன்னாள். “கால் சுத்து திருப்பச் சொல்றாங்க!... நிறுத்தச் சொல்றாங்க!... பம்பு முனகுதாம், இருங்க!” என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழாய் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. இடது கையின் பழைய தழும்பு வியர்வையில் பளபளத்தது. கடைசிச் சுற்றில் சக்கரம் இறுகி நின்றபோது அவர் சட்டை முழுவதும் நனைந்திருந்தது.

“அப்ப இனிமே இங்க துணி காயாதா?” என்று கேட்டாள் அந்த அம்மா, போனைக் கையால் பொத்திக்கொண்டு.

“காயாதும்மா.”

“நல்ல வேலை பண்ணீங்க, போங்க” என்றாள். ஆனாலும் விரிப்புகளை மெஷினில் போட்டு உலர்த்திக் கொடுத்தாள்.

அந்தக் கோடியிலிருந்து தண்ணீர் ஆலைக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். சாயங்காலம் வரை கண்ட்ரோல் ரூமில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்திரண்டு. ஐம்பத்திரண்டு. கண்ணாடி வந்து பக்கத்தில் நின்றான். நெற்றியில் கண்ணாடி இல்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தான்.

“அண்ணே, நான் கையை வச்சுப் பாத்திருக்கணும்.”

“நான் மட்டும் பாத்தேனாக்கும்? பேசாம நில்லுடா. இறங்குதா பாரு.”

ஐம்பத்தொன்று ஆயிற்று. அதோடு அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காலையில் ஓட்டமும் நடையுமாக வந்து பார்த்தபோது நாற்பத்து நான்கு என்றது மீட்டர்.

தலைமை அலுவலகத்து ஆட்கள் வந்தார்கள். என்ஜினியர் அம்மா நடந்ததை மறைக்காமல் சொன்னார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் துணியை வாங்கிப் புரட்டிக்கூடப் பார்த்தார். கடைசியில், போனதை விட்டுவிடலாம், புதிதாக ஐந்து நாள் எண்ணலாம் என்று ஒத்துக்கொண்டார்கள். ஆனால் இதே குளிர் நிலைக்கவேண்டும். நடுவில் தணிந்துவிட்டால் அத்தோடு சரி, இந்த வருஷம் இன்னொரு சோதனை கிடையாது.

ரேடியோ தினமும் குளிர் தணியும் என்றது. தினமும் தணியவில்லை. அவர் காலையில் எழுந்ததும் ஜன்னலுக்குத்தான் போவார். கண்ணாடியில் உறைபனி இருந்தால் நெஞ்சு நிம்மதியாகும். அடுத்த கணமே பேத்தி ஞாபகம் வந்து அந்த நிம்மதியே முள்ளாகக் குத்தும். மூன்றாம் நாள் மருமகன் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு ஆலை வாசலுக்கே ஓடிவந்தான்.

“மாமா, குழந்தையை ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கு.”

எப்படி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார் என்பதே அவருக்குத் தெரியவில்லை. குழந்தையின் மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். வார்டு கணகணவென்று இருந்தது. தாழ்வாரத்தில் சுவரோரம் ஓடிய வெந்நீர்க் குழாயின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அவருடைய ஆலையின் சூடுதான். மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். அவரால் அடக்க முடியவில்லை.

“ஏம்மா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். நான் குளிர் குறையக் கூடாதுன்னு நினைச்சுட்டு இருந்தேன். தினமும். இப்பக்கூட.”

ஏன் என்பதை உளறிக் குளறிச் சொல்லி முடித்தார். சோதனை, ஐந்து நாள், மேட்டுத் தெரு. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்க நினைச்சாக் குளிரும், நான் நினைச்சா வெயிலடிக்குமா? ஊருக்கே நீங்கதான் வானத்தைத் திறந்து மூடறீங்களாக்கும்? போய் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டு வாங்க. முகம் செத்துக் கிடக்கு.”

ஆனால் அடுத்த இரண்டு நாளும் காலையில் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தவள் அவள்தான். “இருக்கு” என்று மட்டும் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவாள்.

குளிர் ஐந்து நாளும் நிலைத்தது. மீட்டர் நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை. ஆறாம் நாள் ஜன்னல் கண்ணாடியில் உறைபனி உருகி வழிந்தது. அந்த வாரக் கடைசியில் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். விசில் சத்தம் குறைந்திருந்தது, போய்விடவில்லை.

குழாய் தோண்டும் உத்தரவு வந்த அன்று என்ஜினியர் அம்மா அவரைக் கூப்பிட்டார். “மேட்டுத் தெருவுல உங்க பொண்ணு இருக்காங்களாமே? சொல்லவே இல்லையே?”

“சொன்னா, அதுக்காகத்தான் தேடறேன்னு நினைச்சிருப்பீங்க மேடம்.”

“அதுக்காகத்தானே தேடினீங்க?”

“ஆமா மேடம்.”

“சரி, அந்தத் துணி வழக்கத்தை விட்டுடலாமா?”

“வேண்டாம் மேடம். துணிக்குப் பதிலா தகரத் துண்டு, கம்பியில கட்டுவோம். அதை யாரும் சலவைக்கு எடுக்க மாட்டாங்க. அப்புறம், தகரம் இருந்தாலும் இல்லாட்டியும் சக்கரத்துல கையை வச்சுப் பாத்துட்டுத்தான் வரணும்.”

தகரம் வந்த பிறகும் அவர் ‘துணி’ ஃபிட்டர்தான். அந்தப் பெயர் அவரோடு ஓய்வுக்காலம் வரை வந்தது.

அடுத்த குளிருக்கு முன் மேட்டுத் தெருக் குழாயில் தண்ணீர் நிரப்பினார்கள். கிளையின் கோடி மகள் வீட்டுக்குக் கீழேதான். குறுக்கு வால்வைத் திறந்துவிட்டுத் தகரத்தைக் கட்டினார். பிறகு ஒரு வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். காற்று சீறிச் சீறி வெளியேறியது. மேலிருந்து மகள் கூப்பிட்டாள், டீ ஆறுகிறது என்று. பேத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், வந்து பாருங்கள் என்றாள் மனைவி.

“மூடிட்டு வரேன்!”

“கண்ணாடி மூட மாட்டாரா?” என்றாள் மகள்.

“நான் மூடிட்டு வரேன்.”

காற்று நின்று தண்ணீர் சீராக ஓடிய பிறகு, மூடினார். தகரத்தை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் போட்டார். படியேறிப் பாதி வந்தவர் திரும்ப இறங்கிப் போய்ச் சக்கரத்தை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். அப்புறம்தான் மேலே வந்தார்.

அறை கணகணத்தது. சம்பந்தியம்மாவின் விரிப்பு காய்ந்திருந்தது. நிலக்கரி அடுப்பை மருமகன் கொல்லைப்புறம் இழுத்துப் போட்டிருந்தான்.

“இதை எடைக்குப் போட்டுடலாமா மாமா? இனிமே எதுக்கு?”

அவர் அடுப்பைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். உள்ளே பேத்தி ஏதோ பாத்திரத்தைத் தட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

“இந்தக் குளிர் முடியட்டும், மாப்பிள்ளை.”

பையில் தகரத்தோடு அந்த இஸ்திரி போட்ட துணியும் இருந்தது. எடுத்து அடுப்பின் கைப்பிடியில் இறுக்கிக் கட்டினார்.